மண்டபம் நிறையும் காட்சி

கள்ளக்குறிச்சி பக்கம் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேர் வீட்டில் நிர்மலாவின் கைவேலை இருக்கும். அவள் முகம்தான் ஒருவருக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருக்கிற ஸ்டூடியோவில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. மாப்பிள்ளையின் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிடுவாள். பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்தால் அதை இழுத்து இழுத்து ஊரையே அழவைப்பாள். ஊர்க்காரர்களும் அப்படி அழத்தான் ஆசைப்பட்டார்கள்.

எல்லாம் வேகத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு காட்சித் துண்டுக்கும் ஒரு வேகம் உண்டு. நடந்தது நடந்தபடி ஓடினால் நூறு. பெண் மேடைக்கு வருவதை நாற்பதுக்கு இறக்கினால் மகாராணி மிதந்து வருவது போல இருக்கும். ஆட்கள் வந்து நாற்காலியில் உட்காருவதை யார் பார்ப்பார்கள்? அதற்கு எண்ணூறு. எறும்புக் கூட்டம் போல ஜனம் விறுவிறுவென்று வந்து மண்டபம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். பெண் வீட்டாருக்கு இந்தக் காட்சி இல்லாவிட்டால் காசு கொடுத்த திருப்தியே வராது.

அவள் புருஷன் மாயவன் அதே ஸ்டூடியோவில் கேமராக்காரன். கச்சிராயபாளையத்துப் பையன். சின்ன வயதில் கரும்பு டிராக்டர் ஏறி வலது கால் வளைந்துவிட்டது. ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, தோளை ஒருபக்கமாகச் சாய்த்துத்தான் நடப்பான். இந்தக் காலை வைத்துக்கொண்டு கேமராவைத் தூக்கி நடந்தால் படம் குலுங்காதா? குலுங்கும். அதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். நடந்துகொண்டே எடுப்பதையெல்லாம் ஸ்லோமோஷனில் எடுத்துவிடுவான். மெதுவாக ஓடும்போது குலுக்கல் தாலாட்டாகிவிடும். கல்வராயன் மலையில் அருவிக்கரை வழுக்குப் பாறையில் ஒரு ஜோடியைச் சுற்றிச் சுற்றி அவன் எடுத்ததைப் பார்த்துவிட்டு, "கிம்பலா இன்னா, எத வச்சிப்பா எடுத்த?" என்று, கேமரா குலுங்காமல் பிடிக்கிற கருவியின் பெயரைச் சொல்லி, முதலாளி இளஞ்செழியனே கேட்டார். காலை வைத்து எடுத்தது என்று மாயவன் சிரித்தான். அந்தக் கேமராவில் அப்படி எடுத்தால் சத்தம் பதிவாகாது. அதனால் அவன் குரலும் எங்கேயும் இல்லை.

போன வருஷம் ஆவணியில் திருநாவலூர் பக்கம் ஒரு முகூர்த்தம் முடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு பைக்கில் வந்தவன் உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் போனும் டயருக்கடியில் தூளாகிவிட்டது. நிர்மலாவின் போனில் வீடியோ நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் இருப்பது நிர்மலா, எடுத்தது அவன். போனை அடுத்தவர் கையில் கொடுக்க அவனுக்கு மனசே வராது. கோயிலில் நடந்த அவர்கள் கல்யாணத்தையும் யாரும் படமெடுக்கவில்லை. அஞ்சலி பேனருக்கே ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைத்தான் பெரிதாக்கிப் போட்டார்கள்.

வருஷ திதி நெருங்கியபோது மாமியார் குஞ்சம்மாள் கேட்டாள். கரும்பு வெட்டி, நாற்று நட்டு, தனியாளாக அந்தப் பிள்ளையை வளர்த்தவள்.

"போட்டோவுல நின்னுக்கினே இருக்கான்டி. எத்தினி நாளு நிக்கிறத பாப்பேன்? தெருவுல இழுத்து இழுத்து நடந்து வருவான் பாரு, சத்தத்த வச்சே ஒலையில அரிசி போடுவேன். அத ஒரு தபா காட்டு. ஊரான் ஊட்டு கண்ணாலத்தயெல்லாம் வச்சினு இருக்கியே, எம்புள்ள நடக்கறது இல்லயா?"

"தேடிப் பாக்கறன் அத்த" என்றாள் நிர்மலா.

முதலில் தேடிய எதிலும் அவன் இல்லை. கேமராக்காரன் படத்தில் விழக்கூடாது என்பது அந்தத் தொழிலில் கட்டளை. முதுகு தெரிந்தால் வெட்டு, கை தெரிந்தால் வெட்டு. மாயவன் நடந்து வந்த இடத்தையெல்லாம் வருஷக்கணக்காக வெட்டி எறிந்தவள் வேறு யார்? கட்டின பெண்டாட்டிதான். வெட்டுவதற்கு முன் எடுத்தபடியே இருந்த பதிவுகளும் கிடையாது. வாடிக்கைக்காரர் படத்தை வாங்கிக்கொண்டு போனதும், அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமென்று அவற்றை அழித்துவிடுவார்கள். அழிக்கிற வேலையும் அவளுடையதுதான். முடித்துக் கொடுத்த படங்கள் மட்டும் ஸ்டூடியோவில் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றாக ஓட்டினாள்.

தியாகதுருகத்து மண்டபம் ஒன்றில் அகப்பட்டான். மண்டபம் நிறையும் காட்சி. ஸ்டாண்டில் நிறுத்தி வைத்த இரண்டாவது கேமராவில் எடுத்தது. வாசலிலிருந்து மேடை வரைக்கும் நடுப்பாதையில் நேராக நடந்து வருகிறான். சுற்றிலும் ஜனம் இருந்ததால் அவனை மட்டும் வெட்ட முடியவில்லை. எண்ணூறு வேகத்தில் கரைந்து போகட்டும் என்று விட்டிருக்கிறாள். கண்ணைச் சிமிட்டினால் தப்பிவிடும். நிர்மலா திரையைத் தொட்டுக்கொண்டு அழுதாள். அழுதது சந்தோஷத்தில்.

எட்டு மடங்கு ஓடியதை எட்டு மடங்கு மெதுவாக்கினால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது. வீடியோ என்பது வரிசையாக ஓடும் அசையாப் படங்கள்தான்; வேகமாக்கும்போது கம்ப்யூட்டர் அதில் எட்டுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு ஏழைத் தூக்கிப் போட்டுவிடும். திரும்ப மெதுவாக்கினால் நடுவில் உள்ள ஓட்டையை அதுவே இட்டுக்கட்டி நிரப்பும். இது நிர்மலாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இருந்தாலும் இந்த ஒரு தடவை எப்படியாவது வந்துவிடாதா என்று நம்பினாள். ஓட்டிப் பார்த்தபோது படம் குலுங்காமல் ஓடியது. புருஷன் முகத்தை அசைவோடு பார்த்த மயக்கத்தில் மற்ற எதுவும் அவள் கண்ணில் படவில்லை. மாமியாரை வரச்சொல்லிவிட்டாள்.

முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் குஞ்சம்மாள் வந்தாள். நல்ல புடவை கட்டி, தலையை வாரி, பிள்ளையைப் பெண் பார்க்க அழைத்துப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். நிர்மலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். படம் ஓடியது. மாயவன் வாசலில் தோன்றினான். வழுக்கிக்கொண்டு வந்தான். தண்ணீரில் மிதக்கும் தெப்பம் போல, தோள் சாயாமல், கால் இழுக்காமல் வந்து மேடையோரம் நின்றான்.

குஞ்சம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "யாருடி இது?"

"நம்ம அவருதான் அத்த. மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சி இருக்குது. நட இல்லயே. எம்புள்ள இப்டி நடக்கமாட்டான். கால நேரா வச்சி எவன் வரான் அது?"

நிர்மலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டருக்கு நொண்டத் தெரியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நேர்க்கோடு போட்டு அவனை இழுத்து வந்துவிட்டது. அந்தச் சாய்வும் இழுப்பும் தூக்கிப் போட்ட ஏழில் போய்விட்டன. அந்த நிரப்பும் வேலையை நிறுத்திவிட்டு, மிஞ்சிய படங்களை மட்டும் ஓட்டினாள்.

இப்போது மாயவன் வாசலில் நின்றான். சட்டென்று இரண்டு வரிசை தள்ளி நின்றான், தோள் சாய்ந்திருந்தது. அப்புறம் இன்னும் தள்ளி. குஞ்சம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "ஆங், இதான். இதான் எம்புள்ள." திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். மாயவன் தாவித் தாவி மேடைக்கு வந்து காணாமல் போனான்.

"இன்னொரு தபா போடு."

போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"அங்க நிக்கிறான். அப்பறம் இங்க நிக்கிறான். நடுவுல எங்கடி போறான்?"

நிர்மலா படத்தை நிறுத்தினாள். "நடுவுல இருந்தது போயிடிச்சி அத்த. நாந்தான் ஸ்பீடு வச்சேன். மீதிய நாந்தான் அழிச்சேன்."

"திரும்ப வராதா?"

"வராது அத்த."

குஞ்சம்மாள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரல் உயராமல் ஒன்றே ஒன்று கேட்டாள். "எம்புள்ள நடந்து வர்ற எடத்துல எதுக்குடி ஸ்பீடு வச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். முதலாளி மேல் போட்டிருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான்.

"அங்க முக்கியமானவங்க யாரும் வரல அத்த."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே கேட்டது. குஞ்சம்மாள் எழுந்தாள். பையை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். நிர்மலா கதவைக்கூடச் சாத்தாமல் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும், "அத்த, அத்த" என்று பின்னாலேயே போனாள். கச்சிராயபாளையம் டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த குஞ்சம்மாள் பஸ் கிளம்புகிற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் நிர்மலாவும் அதே வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.