பனித்தாத்தா தலைமறைவு

ஓபனாஸுக்குக் குழாய் ரிப்பேர் வேலை. வருஷத்தில் பதினோரு மாதம் அந்த மனுஷனை ஊரில் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். டிசம்பர் வந்துவிட்டாலோ, ராஜாதான். முப்பத்தோரு வருஷமாக உக்ரைனில் அந்தப் பொல்தாவாப் பக்கத்துச் சின்ன ஊருக்கு அவர்தான் புத்தாண்டுப் பரிசு கொண்டுவரும் பனித்தாத்தா. நீல அங்கி, பஞ்சுத் தாடி, கையில் கோல். வாசலில் கோலை மூன்று தட்டுத் தட்டினால் உள்ளே பிள்ளைகள் வீறிடும். பிள்ளை முக்காலியில் ஏறிப் பாட்டுச் சொல்லும். இவர் அதற்குக் கமலா ஆரஞ்சு கொடுப்பார். அப்பன்காரன் இவருக்கு ஒரு கிளாஸ் வோட்கா ஊற்றிக் கொடுப்பான். ஏழாவது வீடு தாண்டினால் தாத்தாவைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். கூடவே பேத்தி வேஷத்தில் பனிப்பெண் வருவது அதற்குத்தான் என்று ரொம்பப் பேர் நினைத்திருந்தார்கள்.

ரஷ்யாவோடு போர் வந்தது, ஊரே தலைகீழாயிற்று. ரஷ்யக் கவிஞரின் சிலை லாரி ஏறிப் போனது. தெருவுக்குப் பெயர் மாறியது. அலமாரியிலிருந்த ரஷ்யப் புத்தகங்கள் எடைக்குப் போயின. குண்டு போடுகிறவன் பாட்டை எந்தக் காது கேட்கும்? சிலையைக் கழற்ற ஸ்பானர் கொடுத்ததே ஓபனாஸ்தான். மகன் போர்முனையில் நிற்கிறான். ரஷ்ய மொழியில் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியமும் செய்திருந்தார். எல்லாம் சரிதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், தன் தாடியில் கை வைக்கும்வரை.

கை வைத்தது கலாச்சார மன்றத் தலைவி நெலியா போரிசிவ்னா.

"பனித்தாத்தா இனிமே கிடையாது, ஓபனாஸ் கிரிலோவிச். அவன் மாஸ்கோக்காரன். பிள்ளைங்களுக்குப் பரிசு தர்ற நம்ம புனித மிகோலாயை ஓரங்கட்டிட்டு சோவியத்காரங்க அவனைக் கொண்டுவந்து உக்கார வெச்சாங்க."

"எனக்கு மாஸ்கோவுக்கு வழிகூடத் தெரியாதும்மா!"

"உங்களைச் சொல்லல, அந்த அங்கியைச் சொல்றேன்."

"அந்த அங்கிக்குப் பக்கத்துல பன்னிரண்டு வருஷம் பனிப்பெண்ணா நின்னது யாராம்?"

தலைவியின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ நமக்கு என்ன தெரியும்? இதோ பாருங்க, டிசம்பர் ஆறாம் தேதி மிகோலாய் வரணும். நீங்களே செய்யுங்க. ஆனா முக்காலி கூடாது, பழைய பாட்டு கூடாது, மூணு தட்டு கூடாது, முக்கியமா கிளாஸ் கூடாது. ஒண்ணு தப்பினாலும் அடுத்த வருஷம் மிகோலாய் கிரீடம் மருந்துக்கடை ஹ்னாத்துக்கு."

ஹ்னாத்துக்குச் சொந்தத் தாடி வேறு. ஓபனாஸுக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு மாதமும் போய்விட்டால் பன்னிரண்டு மாதமும் வெறும் குழாய்தானே மிச்சம்!

வீட்டில் மனைவி ரைசா பழைய மேஜைவிரிப்பை வெட்டித் தங்கக் கிரீடம் தைத்தாள். சிரித்துச் சிரித்து ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். "தள்ளாடித் தள்ளாடி வீடு வந்த மனுஷனைப் புனிதராக்கிட்டாங்களே, கடவுளுக்கே அடுக்குமா இது?"

ஆறாம் தேதி காலை, மன்றத்தின் நிலவறையில் விழா. சைரன் ஊதினால் மறுபடி இறங்கவேண்டாமே. புனிதர் கதவருகே நின்றார், கிரீடத்தைச் சரிசெய்தார், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். முப்பத்தோரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? டொக், டொக், டொக்.

நெலியா முறைத்த முறைப்பில் கிரீடமே நடுங்கியது. போச்சுடா, என்று நினைத்துக்கொண்டார் ஓபனாஸ்.

கடைசி வரிசையில் ஸ்லாதா என்று ஆறு வயசுப் பெண். குண்டில் இடிந்துபோன பாஹ்முத்திலிருந்து தப்பி வந்த குடும்பம். வீட்டில் பேசுவது ரஷ்ய மொழி. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தாலே கேலி, அதனால் திறப்பதை விட்டுவிட்டாள். மூன்று தட்டுக் கேட்டதும் தலை நிமிர்ந்தது. எழுந்து நேராக வந்தாள், தாடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அந்த மொழியிலேயே அவர் காதுக்குள் கேட்டாள்:

"பனித்தாத்தா, நீங்கதானே? எங்க ஊர்லயும் இப்படித்தான் தட்டுவீங்க. உங்க வீட்டு மேலயும் குண்டு போட்டுட்டாங்களா? அதான் வேற சட்டை போட்டு ஒளிஞ்சிருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் ஓபனாஸ் வாயைத் திறந்தார். மகன் முகம் வந்தது, சத்தியம் வந்தது. எல்லாவற்றையும் மீறி அழுகை வந்தது.

"ஆமாடி கண்ணு," என்றார், அதே மொழியில், மெதுவாக. "யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் தலையாட்டினாள். ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் பரிசை விடுவாளா? போன வருஷம் சொல்லாமல் போன பாட்டை, பழைய பனித்தாத்தா பாட்டை, காதுக்குள்ளேயே ஆரம்பித்தாள்.

நெலியா இரண்டடி தள்ளி வந்து நின்றாள். "என்ன சொல்லுது குழந்தை?"

"ஜெபம் சொல்லுதும்மா." புனிதரான முதல் நாளே முதல் பொய்.

பாட்டு நின்றது. பன்னிரண்டு வருஷம் ஒவ்வொரு வீட்டு முக்காலிக்கும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டவள் நெலியா. சுற்றுமுற்றும் பார்த்தாள், குனிந்தாள்.

"கடைசி ரெண்டு வரி ஜெபத்தை விட்டுட்டா. சொல்லச் சொல்லுங்க."

ஓபனாஸ் பையிலிருந்து இரண்டு கமலா ஆரஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி காதைக் கொடுத்தார்.