பிளே ஓஃபுக்காக எடுத்து வைத்த லீவு

போன குளிர்காலம், பெப்ரவரி முடிகிற நேரம் நடந்தது இது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில் தொடங்கி, நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் முடிந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் கொஞ்சம் பாரம் குறையும் என்று இப்போது எழுதுகிறேன்.

எனக்குக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்தது என் மகனால். அந்தக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள் பொழுதுபோகட்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் விளையாடியவள் நான். வலைப்பந்தில் பந்தோடு ஓடக்கூடாது. அந்த நினைப்பில், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிய பிள்ளைகளை எல்லாம் பிழை, பிழை என்று கத்தி மகனின் மானத்தை வாங்கினேன். அவன் படிப்பை முடித்து, கல்யாணம் கட்டி, அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் மட்டும் அந்த அரங்கை விடவில்லை. பெண்கள் அணிக்கு ஆட்டம் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் வோபர்னில் பஸ் ஏறி, முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அங்கே எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து காரில் வரும் தமிழ்நாட்டுத் தம்பி, கணினி வேலை செய்கிறவர். ஆட்டம் முடிந்ததும் வாசலுக்குள் ஹீட்டர் ஓரமாக நின்று இரண்டு பேரும் விசாரணையைத் தொடங்குவோம். யாரை உட்கார வைத்திருக்க வேண்டும், யார் பந்தைக் கோட்டை விட்டார், இந்த வருடம் பிளே ஓஃப் போவோமா மாட்டோமா. எங்கள் பிரிவில் முதல் நான்கு இடங்களுக்குள் வருகிற அணிகளுக்குத்தான், லீக் முடிந்தபின் நடக்கிற பிளே ஓஃப் சுற்று. அந்தத் தம்பி மற்ற அணிகளின் வெற்றி தோல்வியை எல்லாம் போனில் வைத்துக் கணக்குப் போடுவார். நான் தீர்ப்புச் சொல்வேன். பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்குச் சம்பளம் நாங்கள்தான் கொடுக்கிறோம் என்று கேட்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

தொழிற்சாலையில் எனக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு நாங்கள் வெளியே வர, பின்னேர ஷிஃப்ட்காரர் உள்ளே வருவார்கள். ஒருநாள் சாப்பாட்டு அறையில் வழக்கம்போல அணியைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற ஏழாம் நம்பர் பிள்ளை இல்லாவிட்டால் இந்த அணியே இல்லை என்றேன். பக்கத்து மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பின்னேர ஷிஃப்ட் அண்ணை ஒருவர் மெதுவாகச் சொன்னார், "அது என்ர மகள்."

அன்றிலிருந்து அவர் ஷிஃப்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுவார், என் வாயால் ஆட்டத்தைக் கேட்பதற்காக. அவர் மகளின் ஒரு ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. ஆட்டங்கள் எல்லாம் அவர் வேலை செய்கிற நேரத்தில்தான் வரும். அதைவிட, கல்லூரிக்குப் போயும் பந்து விளையாட்டா, படிப்புக் கெட்டுப்போகும் என்று தொடக்கத்தில் மறித்ததும் அவர்தான். அந்தப் பிள்ளை வாய் காட்டவில்லை. படித்தாள், விளையாடினாள், ஒருநாளும் அப்பாவை ஆட்டத்துக்கு வா என்று கூப்பிடவில்லை. இப்போது கடைசி வருடம். அரங்கில் ஒருமுறையாவது தன்னை அவள் காணவேண்டும், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது லீவெல்லாம் போய்விட்டது. குளிர்காலம் முடியும்வரை ஒரே ஒரு சனிக்கிழமைதான் தரமுடியும், அதையும் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

எந்தச் சனிக்கிழமை என்று அவர் என்னிடம் கேட்டார். கடைசி லீக் ஆட்டம் எங்கள் அரங்கில்தான் நடக்க இருந்தது. அன்றைக்கு, படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகளைப் பெற்றோருடன் மைதானத்தின் நடுவுக்கு அழைத்துப் பூங்கொத்துக் கொடுப்பார்கள். இங்குள்ள கல்லூரிகளில் அது ஒரு வழக்கம். அதற்கு எடுப்பதா, அடுத்த கிழமை வரும் பிளே ஓஃபுக்கு எடுப்பதா என்பதுதான் அவருடைய குழப்பம்.

எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. அப்போது நாங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தோம். அவருக்கு முன்னாலேயே மார்க்கம் தம்பிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "கவலையே வேணாம்க்கா, இனிமே நாம முதல் நாலை விட்டு வெளிய போறது ரொம்பக் கஷ்டம்" என்றார் அவர். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

"அண்ணை, உது சும்மா பூக் குடுத்துப் படம் எடுக்கிற அலுவல். பிளே ஓஃப்தான் ஆட்டம். அவள் அதில விளையாடுறதைப் போய்ப் பாருங்கோ."

அவர் உடனே தலையாட்டவில்லை. பிள்ளையோடு நடுவில் போய் நிற்பதும் நல்லதுதானே என்று இழுத்தார். நான் விட்டேனா? பூங்கொத்தை வீட்டிலும் கொடுக்கலாம் என்று சிரித்தேன். அடுத்த நாள் பிளே ஓஃப் சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று வந்து சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சை நம்பி ஒரு மனிதர் லீவு போடுகிறார் என்ற பெருமை.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாகப் போனது. எங்கள் உயரமான பிள்ளைக்குக் கணுக்கால் பிரண்டது. அடுத்தடுத்துத் தோற்றோம். ஐந்தாம் இடத்துக்கு இறங்கினோம். கடைசி ஆட்டத்தில் நாங்கள் வெல்லவும் வேண்டும், வேறு ஊரில் அதே நேரத்தில் விளையாடுகிற இன்னொரு அணி தோற்கவும் வேண்டும் என்ற நிலை. லீவை மாற்ற முடியுமா என்று அண்ணை போய்க் கேட்டிருக்கிறார். ஆட்களுக்கு வேலை பிரித்தாகிவிட்டது, முடியாது என்றுவிட்டார்கள். அப்போதும் நான் யோசிக்காதேங்கோ, போவோம் என்றுதான் சொன்னேன்.

கடைசி லீக் ஆட்டத்துச் சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கமுன் பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா என்று நடுவுக்கு வந்தாள். ஏழாம் நம்பர் அம்மாவுடன் மட்டும் வந்தாள். அந்த அம்மா குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், பூங்கொத்தை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். படம் எடுக்கிறவர் நெருங்கி நிற்கச் சொன்னார். பிள்ளை சிரித்தாள், பிறகு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வாசலுக்கு மேலிருந்த மணிக்கூட்டைத்தான் பார்த்தாளோ என்னவோ. அடுத்த கிழமை அப்பா வருவார்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கடைசிக் கால்பகுதியில் ஆட்டம் சூடு பிடித்தது. ஆனால் மார்க்கம் தம்பியின் போனில் மற்ற ஊர் ஆட்டமும் அதே அளவு சூடாக இருந்தது. இரண்டு பேரும் தலையைக் குனிந்து அந்தச் சின்னத் திரையில் ஸ்கோர் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அரங்கம் அதிர்ந்தது. நிமிர்ந்தபோது பந்து வலைக்குக் கீழே உருண்டுகொண்டிருந்தது, பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். யார் போட்டது என்று பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்டேன். ஏழாம் நம்பர் என்றார். நாங்கள் வென்றுவிட்டோம்.

கொஞ்ச நேரத்தில் தம்பி போனை என் பக்கம் திருப்பினார். மற்ற அணியும் வென்றிருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் இன்னும் குதித்துக்கொண்டுதான் நின்றார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நாங்கள் ஹீட்டர் ஓரத்தில் நிற்கவில்லை. தம்பி என்னை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை முழுவதும் நான் அண்ணையின் கண்ணில் படவில்லை. மூன்று மணி அடித்ததும் பின்கதவால் வெளியேறினேன். ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து பிள்ளை வளர்த்தவள், பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிற பிள்ளை மாதிரி ஒளித்துத் திரிந்தேன். அதற்கடுத்த கிழமை அவரே என்னைத் தேடி வந்தார், எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு.

பிழை என்னுடையது என்று தொடங்கினேன். விளையாட்டென்றால் அப்படித்தானே, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று என்னை மறித்துவிட்டார். லீவை வீணாக்கவில்லை என்றார். லீவு எடுத்த சனிக்கிழமை மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கல்லூரியில் அவளுடைய லொக்கரைக் காலி செய்ய உதவினாராம். சப்பாத்துப் பையைத் தானே தூக்கி வந்தாராம். அரங்கம் பூட்டியிருந்ததால், கதவுக் கண்ணாடியால் மைதானத்தைப் பார்த்தாராம். எந்த இடத்திலிருந்து கடைசிப் பந்தைப் போட்டாள் என்று மகள் விரலால் காட்டினாளாம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

பிறகு அவர் கதிரையை இழுத்து என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"வீடியோ பாத்தனான், தங்கச்சி. தூரத்தில ஆரோ ஓடுற மாதிரித்தான் தெரியுது. நீங்கள் கிட்ட இருந்தனியள்தானே. அந்தப் பந்து விழேக்க பிள்ளையின்ர முகம் எப்பிடி இருந்தது?"

சந்தோசமாக இருந்தாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த மனிதரிடம் இன்னொரு தடவை தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நான் பாக்கேல்லை அண்ணை. போனில மற்ற ஆட்டத்தின்ர ஸ்கோரைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

அவர் கோபிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்தார்.

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பாக்கேல்லை" என்றார்.

ஷிஃப்டுக்கு மணி அடித்தது, எழுந்து போனார். இந்த வருடமும் நான் ஆட்டங்களுக்குப் போகிறேன். புதுப் பிள்ளைகள் நன்றாகத்தான் விளையாடுகிறார்கள். பிளே ஓஃப் போவோமா என்று யாராவது கேட்டால் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். ஆனால் யாராவது ஒரு பிள்ளை பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவளுடைய முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், ஒரு தகப்பனுக்குச் சொல்லமுடியாமல் போன அந்த ஒரு முகம்தான் எனக்குக் குறைகிறது.