பிள்ளையாரிடம் பெயர் சொன்ன விளையாட்டு

ஸ்காபரோ மைதானத்தின் கார்த் தரிப்பிடத்தில் நிற்கிறேன். மொன்றியலிலிருந்து பஸ்ஸில் வந்தது, இங்கே தன் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் மகனைப் பார்க்க. போன மாதம் ரக்பியின் ஒரு வகையான யூனியன் ஆட்டத்தில், குவிந்து விழுந்தவர்களுக்கு அடியில் அவன் மூச்சில்லாமல் கிடந்தான். பிழைத்தால் இனி யூனியன் ஆடவிட மாட்டேன் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

இன்று, ரக்பியின் மற்ற வகையான லீக்குக்கு ஆள் சேர்க்கும் ரவி படிவத்தை நீட்டுகிறான். மகனுக்குப் பதினேழு வயது. என் கையெழுத்து வேண்டும்.

"அங்கிள், லீக் வேற விளையாட்டு. ஆளை விழுத்தினால் எல்லாரும் எழும்பி விலகோணும். உந்தக் குவியல் இல்லை."

"கழுத்து முறியாதோ?"

"அதுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டன்."

பக்கத்தில் நிற்கும் மகன் சிரிக்கிறான். "அப்பா, பிள்ளையாருக்கு யூனியன் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

பேனையை வாங்குகிறேன். கையெழுத்து கோட்டுக்கு வெளியே போகிறது.