அம்மாவுக்குள் ஓடிய கரண்டு

அந்தச் சொல்லை டாக்டர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவின் இடது மார்பை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காயம் ஆறியதைப் பார்த்த டாக்டர், என் கையில் பேனா இருந்ததாலோ என்னவோ, என்னைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். அறுத்ததோடு முடியவில்லை, இன்னொன்றும் செய்ய வேண்டும், ஞாயிறு தவிர்த்து இருபத்தைந்து நாள் வர வேண்டும், நடுவில் விட்டால் நோய் திரும்பலாம் என்பது வரைக்கும் புரிந்தது. அந்த இன்னொன்றுக்கு அவர் சொன்ன பெயர் ரேடியேஷன். எனக்கு ரேடியோ தெரியும். ரேடியேஷன் தெரியாது.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் நான். தபால் வந்தால் என்னிடம்தான் வரும். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ், உரமூட்டையில் அச்சடித்தது, எல்லாம் நான் படித்துச் சொன்னால்தான் உண்மை. தெரியாது என்ற சொல் என் வாயில் வந்து பழகவே இல்லை.

"கரண்டு வைக்கணுமாம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். அவள் முகம் சட்டென்று இறுகியதை நான் கவனித்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

புதுவாயலில் பஸ்ஸை விட்டிறங்கி வயல் வரப்பிலேயே நடந்தால் எங்கள் ஊர். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டிலும் கரண்டு விளக்கு கிடையாது. ஆனால் எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த பெரிய கரண்டுக் கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போனது. பனி விழுந்த காலைகளில் அது வண்டு மாதிரி ஓயாமல் இரையும். அதன் கீழே நடவு நட்ட பெண்கள் கை மயிர் எழுந்து நிற்பதாகச் சொல்வார்கள். முந்தின வருஷம் ரெட்டியார் பம்பு செட்டில் ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொட்ட என் சித்தப்பா, தொட்டபடியே நின்றார். இழுக்கப் போனவரையும் அது பிடித்துக்கொண்டது. கரண்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது ஒருவரோடு நிற்காது.

முதல் நாள், அம்மாவின் நெஞ்சில், தையல் போட்ட தழும்பைச் சுற்றி ஊதா மையால் கோடு போட்டார்கள். கட்டம், நடுவில் ஒரு குறி. "தண்ணி படக்கூடாது. கோடு அழிஞ்சா வைக்க முடியாது" என்று அந்த அறையின் நர்சம்மா கண்டிப்பாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். கரண்டும் தண்ணீரும். இருவர் மனதிலும் பம்பு செட்தான் வந்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் ரயிலில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "படுக்க வெச்சுட்டு எல்லாரும் ஓடிட்றாங்கடி. இம்மாந் தடி கதவு. அத்த சாத்திக்கினு கண்ணாடி வழியா என்னையே பாக்கறாங்க. ஒரு சத்தம் வருது. வலியே இல்ல. வலி இல்லாததுதான் பயமா கீது."

வீட்டில் அவள் தானாகவே ஒதுங்கினாள். யாரும் சொல்லவில்லை. ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டாள். மரப்பலகை மேல்தான் உட்காருவாள். அலுமினியத் தட்டைத் தள்ளிவிட்டு இலையில் சாப்பிட்டாள். கேட்டால், "எனுக்குள்ள ஓடுதுடி. காதுல கேக்குது" என்பாள். அவள் பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது உற்றுக் கேட்டிருக்கிறேன். சில சமயம் எனக்கும் கேட்டது. வெளியே போய், பெரிய கம்பிதான் இரைகிறது என்று உறுதி செய்துகொண்டு வருவேன். காற்றில்லாத, பனியில்லாத நாட்களிலும் கேட்டது.

தெருமுனை அடிபம்பில் ஒருநாள் என் அத்தை, நைனாவின் அக்கா, தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் போய்க் குடத்தைப் பிடித்தாள். அத்தை "ஐயோ" என்று கைப்பிடியை விட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"சுள்ளுனு அடிச்சிது! தோ, கை முட்டி வரிக்கும் வந்துது."

"உன் கொழுப்பு அடிச்சிருக்கும்" என்று அண்ணி சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா வந்தால் பம்படியில் இடம் தானாகக் காலியாகும்.

அண்ணிக்கு அப்போது நாலு மாதக் கைக்குழந்தை. எல்லாக் கஷ்டத்திலும் பெரிய கஷ்டம் அதுதான். பிறந்த நாளிலிருந்து அம்மா மடியிலேயே கிடந்த பிள்ளை. கரண்டு வைத்த நாள் முதல் அம்மா அதைத் தொடவில்லை.

ஒரு மத்தியானம் நான் குடத்தோடு உள்ளே வந்தேன். அண்ணி வீட்டில் இல்லை. தூளியில் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அம்மா செருப்புக் காலோடு அதன் மேல் குனிந்து, உள்ளங்கையை அதன் தலைக்கு மேல், படாமல், ஒரு விரல் உயரத்தில் பிடித்திருந்தாள். குழந்தையின் பூ மயிர் அத்தனையும் அவள் கையை நோக்கி எழுந்து நின்றது. அழுகை நின்றுபோயிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா" என்றாள் அம்மா, என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

பிறகு கையை இழுத்து இடது நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "இது அழுதா அங்க பாலு மாதிரி ஊறுதுடி. இல்லாத எடத்துல. தொட்டுப் பாரு, நனைஞ்சிருக்கும்."

தொட்டேன். ரவிக்கை காய்ந்து கிடந்தது. ஆனால் என் விரல் நுனி விறுவிறுத்தது. அது நிஜமா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

பதினோரு நாள் முடிந்திருந்தபோது அத்தை ஒரு வழி சொன்னாள். ஆடி மாதம். வர்ற ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தம்மனுக்குத் தலை முழுகி, வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்தால் உடம்பில் ஏறிய கரண்டு மொத்தமும் மண்ணில் இறங்கிவிடும்.

"எறங்குனதும் புள்ளைய தூக்கிக்க. அப்பறம் அந்த ஆஸ்பத்திரி பக்கமே போவாத" என்றாள்.

அம்மா சரியென்றாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது. தலை முழுகினால் கோடு அழியும். கோடு அழிந்தாலும் மறுபடி போடுவார்கள், ஆனால் அம்மா வரமாட்டாள். மீதி நாட்கள் நின்றுபோகும். டாக்டர் சொன்னதில் எனக்கு நன்றாகப் புரிந்த ஒரே வாக்கியம் அந்த ‘நடுவில் விட்டால்’ என்பதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் வண்டிக்கு நின்றோம். அம்மா தண்டவாளத்தை விட்டுத் தள்ளி, ஒரு மரப்பெட்டி மேல் நின்றிருந்தாள். இரும்பு அவளுக்கு ஆகாது.

"அம்மா, எனக்குத் தெரியாது" என்றேன்.

"இன்னா தெரியாது?"

"டாக்டர் சொன்ன வார்த்தை. அதுக்கு அர்த்தம் தெரியாது. கரண்டுன்னு நானா சொன்னேன்."

அவள் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. மேலே நின்றபடி என்னைப் பார்த்தாள். வண்டி வந்தது. ஏறினோம். பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றபோது சொன்னாள்: "பத்து பன்னெண்டு நாளா அந்தக் கொயந்தைய தொடலயேடி நானு."

ஆஸ்பத்திரியில் என் கையைத் தள்ளிவிட்டு அவளே நர்சம்மாவிடம் போனாள். "யம்மா, எனுக்கு நீங்க வைக்கிறது கரண்டா?"

நர்சம்மா நிமிர்ந்தார். "யார் சொன்னா?"

அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஊர்ல பேசிக்கிறாங்க."

"கரண்டு இல்லம்மா. வெளிச்சம் மாதிரி ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சு அடிச்சு நிறுத்திட்டா செவுத்துல வெளிச்சம் ஒட்டிக்கினா இருக்குது? கதவு திறக்கும்போதே முடிஞ்சு போச்சு. வீட்டுக்கு ஒண்ணும் எடுத்துக்கினு போறதில்ல நீங்க."

"அப்ப நீங்க இன்னாத்துக்கு ஓட்றீங்க?"

நர்சம்மா சிரித்துவிட்டார். "உங்களுக்கு இருபத்தஞ்சு நாளு. நான் தெனம் எத்தினி பேருக்கு வைக்கிறேன்? எல்லாரோடயும் உள்ளவே குந்திக்கினா என்னை எவ வந்து பாப்பா?"

அம்மாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "கரண்டு இல்லன்னா, எடுத்த எடத்துல ஊறுதே. இரைச்சல் கேக்குதே. அது இன்னா?"

நர்சம்மா அம்மாவின் தோளைத் தொட்டார். நான் பார்க்க, அத்தனை நாளில் கூசாமல் அவளைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

"இரைச்சல் எனக்குத் தெரியாது. ஊறுறது நிறைய பேர் சொல்றாங்க. அது போயிட்டது ஒடம்புக்கு இன்னும் தெரியலம்மா. நாளாவும்."

நர்சம்மா எவ்வளவு சுலபமாகச் சொன்னார், தெரியாது என்று. அம்மா உள்ளே போனாள். தடிக்கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. கரண்டு என்றால் அதை யாரோ வைத்தார்கள், யாரோ நிறுத்துவார்கள். இப்போது அவளுக்குள் இரைந்துகொண்டிருப்பதற்குப் பெயரே இல்லை. இருந்த ஒரு பெயரையும் நான் பிடுங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலம் செருப்பை வாசலில் விட்டு அம்மா மண்தரையில் கால் வைத்து நடந்தாள். நேராகத் தூளிக்குப் போய்ப் பிள்ளையை எடுத்து வலது பக்கம் சாய்த்துக்கொண்டாள். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. "பெரியபாளையம் அடுத்த வருஷம் போலாம்க்கா" என்று அத்தையிடம் சொன்னாள். என்னிடம், "நாளையிலேர்ந்து நீ வராத. நானே போய்க்கினு வந்துட்றேன்" என்றாள்.

எழுத்துத் தெரியாதவள், ஸ்டேஷன்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு மீதி நாளெல்லாம் தனியாகப் போய் வந்தாள். இருபத்தைந்தையும் முடித்தாள். நெஞ்சில் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் தோல் கறுத்து, பிறகு உரிந்து, பளபளவென்று வேறொருத்தியின் தோல் மாதிரி வந்தது.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது எங்கள் தெருவிலும் இரண்டு வீட்டில் விளக்கு எரிகிறது. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா நடவுக்குப் போகிறாள், அத்தையோடு சண்டை போடுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், தனியாகத்தான். டாக்டர் எழுதித் தரும் சீட்டை, ரவிக்கைக்குள் இடது பக்கம் வைத்துக்கொள்ள அவளே துணியில் பஞ்சடைத்துத் தைத்த பையில் மடித்துச் சொருகிவிடுவாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்பேன்.

"வரச் சொன்னாங்க."

"சீட்டைக் குடும்மா, படிச்சுச் சொல்றேன்."

"எனுக்கு அவங்களே சொல்லிட்டாங்க."

போன வாரம் அவள் ஓலைத் தட்டிக்குப் பின்னால் குளித்துக்கொண்டிருந்தாள். கொடியில் ரவிக்கை தொங்கியது. இடது பக்கம் மட்டும் உள்ளே ஆள் இருப்பது போல எழும்பி நின்றது. கிட்டே போய் விரலால் அழுத்தினேன். பஞ்சுக்குள் காகிதங்கள் சரசரத்தன. ஆறு வருஷத்துச் சீட்டுகள். எல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான் இருக்கும்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"இன்னாடி பண்ற அங்க?"

தட்டியில் அவள் பார்க்க ஓட்டை எதுவும் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் மறுபடி தண்ணீர் மொள்ளும் வரை அந்த இடத்தைவிட்டு நான் அசையவில்லை.