வாப்பா அள்ளிய மீன்

எண்பதுகளின் தொடக்கம் அது. வாப்பாவும் நானும் ஓமானில் ஒரு சின்னக் கடற்கரை ஊருக்கு மேசன் வேலைக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. இலங்கையில் கல்முனையை விட்டு வெளியே அதிகம் போகாத ஆட்கள் நாங்கள். எனக்கு இருபது வயது. வெயில், சாப்பாடு, பாஷை எல்லாமே புதுசு. தொழுகையைத் தவிர அங்கே எங்களுக்குப் பழக்கமானது எதுவுமே இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்தோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு வாப்பாவின் முகத்தில் வந்தது. கை கொடுப்போம் வா என்று, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டார். நானும் பிடித்தேன். அரபிகள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், ஆனாலும் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை.

வலை கரையேறியது. வலை நிறையச் சூடை மீன். வாப்பா குனிந்தார், ஒரு கறிக்கு அளவாக அள்ளித் தோளில் கிடந்த துவாயில் முடிந்துகொண்டார், போவோம் என்று திரும்பினார்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் அதுதான் முறை. கரைவலைக் கயிற்றில் கை வைத்தவர் வழியால் போன ஆளாக இருந்தாலும் கறிக்கு மீன் எடுத்துக்கொண்டு போகலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

கொஞ்ச தூரம்கூடப் போயிருக்கமாட்டோம். வாட்டசாட்டமான ஓர் அரபி இளைஞன் ஓடிவந்து வாப்பாவின் வலது மணிக்கட்டை முறுக்கிப் பிடித்து, "ஹராமி!" என்று கத்தினான். கள்ளன் என்று அர்த்தம். அந்தச் சொல்லை வேலைத்தளத்தில் முதல் கிழமையே கேட்டிருந்தோம். மீனெல்லாம் மணலில் கொட்டுண்டது. ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பொலிசைக் கூப்பிடச் சொல்லி ஒருவன் கையைக் காட்டினான்.

அரபு நாட்டில் களவெடுத்தால் கையை வெட்டுவார்கள் என்று ஊரில் எத்தனை பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்! ஊரிலே பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் என்று நாலு பேர் எழும்பி இடம்கொடுத்த வாப்பா, கையை இழுத்துக்கொள்ளவும் தோன்றாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

நல்ல காலம், எங்கள் மலையாளி போர்மன் அந்தப் பக்கம் வந்தார். வலைச் சொந்தக்காரரான வயசாளியும் வந்து சேர்ந்தார். போர்மனுக்கு எங்கள் தமிழ் ஓரளவு விளங்கும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்று வயசாளி சொல்வதாகப் போர்மன் சொன்னார். வாப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

"கயிறு இழுத்தவன் எங்கட ஊரில கேக்கமாட்டான். கேட்டா அது பிச்சை. எடுத்தாத்தான் பங்கு."

போர்மன் அதை அரபியில் எப்படிச் சொன்னாரோ தெரியாது. வயசாளி அந்த இளைஞனை அதட்டி, கொட்டுண்ட மீனை அவனைக் கொண்டே பொறுக்குவித்து, இன்னும் கொஞ்சம் போட்டுத் தந்தார். தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ்! அறைக்கு வந்து நான்தான் கறி காய்ச்சினேன். வாப்பா தொடவில்லை. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கமே அவர் வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பகிடிக் கதையாகச் சொல்லிச் சிரித்துத் திரிந்திருப்பேன். சில வருஷம் கழித்து இரண்டு பேரும் லீவில் ஊருக்கு வந்தோம். கல்முனைக் கடற்கரையில் வலை இழுக்கிறார்கள் என்றதும் வாப்பா ஆசையாகப் போய்க் கயிறு பிடித்தார். வலை ஏறியது. இழுத்தவர்களெல்லாம் குனிந்து அள்ளினார்கள். வாப்பா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வலைக்காரர் அவரோடு சின்ன வயசில் ஒன்றாக ஓடித்திரிந்த கூட்டாளி. அவரைப் பார்த்து வாப்பா மெதுவாகக் கேட்டார்.

"நான் கொஞ்சம் எடுக்கட்டா?"

கூட்டாளிக்கு முகமே கறுத்துவிட்டது. "என்ன மச்சான், ஆரிட்டக் கேக்கிறாய்? நாங்க என்ன பிழை செஞ்சம்?" என்றார். வாப்பா கட்டிய கைகளை அவிழ்க்காமலே வீட்டுப் பக்கம் திரும்பினார். ஓமானில் அந்தக் கையை முறுக்கியதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

வாப்பா மௌத்தாகிப் பல வருஷமாகிவிட்டது. இன்றும் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் சொந்த வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் எடுக்கத் தயங்கி நின்றால், அங்கே அவருக்கு என்ன நடந்திருக்குமோ என்று என் மனசு திடுக்கிட்டுப் போகிறது.