ஓடைப்பட்டி சுருளிவேலின் மேலடுக்கு

2023 ஆகஸ்ட் 30. வளைகாப்பு, ஏழு வகைச் சோறு, 210 இலை: ரூ. 86,400.
2023 செப்டம்பர் 4. தாய்க்குச் சர்க்கரைப் பரிசோதனை: ரூ. 120.
2023 அக்டோபர் 6. அறுவைப் பேறு: ரூ. 62,000.
அதே நாள். லட்டு, 40 கிலோ: ரூ. 14,000.
2023 அக்டோபர் 8. குழந்தையின் நெஞ்சுக்கு எக்கோ: ரூ. 2,200.
வீட்டில் சர்க்கரை பார்க்கும் பட்டைகள்: வாங்கவில்லை.

இதை வைத்துச் சுருளிவேலைக் கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. கஞ்சன் நாற்பது கிலோ லட்டு வாங்க மாட்டான்.

அவன் பிறந்தது தேவாரத்தில். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தோடு பிணங்கிக்கொண்டு, ஓடைப்பட்டித் திராட்சைக் கடை ஒன்றில் பெட்டி அடுக்கச் சேர்ந்தான். கை சீக்கிரம் படிந்தது. அடியில் உதிரியும் வெம்பலும் போகும். மேலடுக்கில் கொழுத்த கொத்துகள் மினுங்கும். வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. இந்த ஒரே உண்மையை நம்பிச் சொந்தமாகக் கமிஷன் கடை வைத்தான், வீடு கட்டினான், அத்தை மகள் உமாதேவியையும் கட்டினான்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் உமாதேவிக்குச் சர்க்கரை கண்டது. நான்காம் வருஷம் உண்டானாள். பேறு பார்க்கும் மருத்துவர், தினமும் நான்கு வேளை வீட்டிலேயே விரலைக் குத்திப் பார்க்கச் சொன்னார்; இன்சுலின் ஊசி வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

"வயித்துப்புள்ளக்காரிக்கு ஊசியா? புள்ள சூம்பிப் போகும்த்தா!" என்றாள் சுருளிவேலின் தாய் முருகம்மாள். "நாங்கள்லாம் ஊசி போட்டா பெத்தோம்?"

உமாதேவிக்கும் ஊசி என்றால் நடுக்கம். தாய் மனமும் கோணாமல், மருத்துவர் மனமும் கோணாமல் ஒரு வழி வேண்டும். சுருளிவேலுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பரிசோதனைக்கு முந்தின நாள் மதியம் அரை டம்ளர் கேப்பைக் கூழ், ராத்திரி ஒன்றுமில்லை. மறுநாள் சாப்பிட்ட பிறகு எடுக்கும் பரிசோதனைக்கு ஒரே ஒரு இட்லி, சட்னி கிடையாது. ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நேரே அல்வாக் கடை. மாதத்தில் மற்ற நாளெல்லாம் முருகம்மாளின் அதிரசமும் சர்க்கரைப் பொங்கலும். கர்ப்பப் புத்தகத்தில் எண்கள் முதல் தரக் கொத்துகளாக வரிசை கட்டி நின்றன.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை ஒன்றும் எழுதிக் கொடுத்தார்கள். அது பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுகிற வேலை. "அடுத்த தடவ பாத்துக்கிரலாம் மேடம்" என்று, விவரம் தெரிந்த எந்த வியாபாரியும் செய்வதுபோல, பணிவாகத் தள்ளிப்போட்டான்.

ஆண் குழந்தை. நாலே முக்கால் கிலோ. தொட்டிலுக்குள் அடங்காமல் கிடந்தது. கடையில் எடை போடும் பிச்சைமணி போனில் அலறினான்: "அண்ணே, சாக்கு எடையக் கழிச்சுட்டா?"

"ஏலே, சுத்த எடைடா!"

லட்டு ஊருக்குள் போய்ச் சேரும் முன்பே குழந்தைக்கு உடம்பு நடுங்கியது. குழந்தை மருத்துவர் அருள்செல்வி பார்த்துவிட்டு, சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்றார்.

"தாய்க்குக் கூடவாம், புள்ளைக்குக் கம்மியாம். இது எந்த ஊருக் கணக்கு?" என்றாள் முருகம்மாள்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. எக்கோ எடுத்தார்கள். சுருளிவேலைக் கூப்பிட்டு உட்கார வைத்தார் அருள்செல்வி.

"இதயத்துக்கு நடுவுல இருக்கிற சுவர் தடிச்சுப்போயிருக்கு. எட்டரை மில்லிமீட்டர். அதுல பாதி இருந்தாப் போதும்."

"சுவரு கெட்டியா இருந்தா நல்லதுதான மேடம்?"

"வீட்டுக்கு நல்லது. நெஞ்சுக்குள்ள தடிச்சா ரத்தம் நிக்க எடம் ஏது, வெளியேற வழி ஏது?"

வெளியே அதற்குள் செய்தி வேறு உருவம் எடுத்திருந்தது. "பேரனுக்கு நெஞ்சு பெருசுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாக, பயில்வானா வருவான்" என்று முருகம்மாள் தேவதானப்பட்டிச் சொந்தங்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்செல்வி கர்ப்பப் புத்தகத்தைப் புரட்டினார். நெற்றி சுருங்கியது. அதை எடுத்துக்கொண்டு உமாதேவியின் கட்டிலுக்கே வந்தார். பின்னாலேயே சுருளிவேலும் முருகம்மாளும் வந்தார்கள்.

"தாய்க்குச் சர்க்கரை இவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்கே. அப்ப இது அதனால வந்த தடிப்பு இல்ல போலருக்கு. உங்க வகையறாவுல யாரும் சின்ன வயசுல திடீர்னு நெஞ்சு நின்னு போயிருக்காங்களா?"

"இல்லையே மேடம்" என்றான் சுருளிவேல்.

"வழிவழியா வர்ற நோயா இருந்தா தானாக் குறையாது. காலம் பூரா பயந்துக்கிட்டுதான் இருக்கணும்."

சுருளிவேல் ஓரடி முன்னால் வந்தான். "சர்க்கரையால வந்திருந்தா?"

"அப்பிடின்னா பெரும்பாலும் சில மாசத்துல தானா வடிஞ்சிரும். ஆனா உங்க புத்தகம் அப்பிடிச் சொல்லலையே."

உமாதேவி தலையைத் தூக்கினாள். "மாமா, நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டுமா?"

சுருளிவேல் தாயைப் பார்த்தான். முருகம்மாள் சுவரிலிருந்த காலண்டரில் முகூர்த்த நாள் தேடத் தொடங்கியிருந்தாள். ஒரு வியாபாரியிடமும் இதுவரை செய்யாததை அவன் செய்தான்.

"அது... மேலடுக்கு மேடம்."

"என்னது?"

"பெட்டியில மேலாப்புல மட்டும் நல்ல கொத்தா வைப்போம்ல, அது மாதிரி." கூழ், இட்லி, அல்வா எல்லாவற்றையும் கொட்டினான்.

அருள்செல்வி புத்தகத்தை மூடினார். பிறகு, "ராயப்பன்பட்டியில எங்கப்பாவும் திராட்சை போட்டவருதான். உங்கள மாதிரி கமிஷன்காரகளத்தான் தினமும் வைவாரு. ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். "கொத்த மருந்துல முக்குனா பழம் பெருக்குதுல்ல? அப்பிடித்தான் இதுவும். தாய்கிட்ட இருந்து சர்க்கரை போகப் போக, புள்ள உடம்பு தானே இன்சுலினை ஊத்தி ஊத்திச் சுரக்கும். அது எல்லாத்தையும் பெருக்க வைக்கும், இதயத்தையும் சேத்து. பொறந்ததும் சர்க்கரை எறங்குனதும் அதனாலதான். யாரை ஏமாத்துனீங்க தம்பி?"



தள்ளிப்போட்ட சராசரிப் பரிசோதனையை உடனே எடுத்தார்கள். ஒன்பது புள்ளி நான்கு; ஆறரைக்குள் இருந்திருக்க வேண்டியது. "இவ்வளவு மோசமான நம்பரப் பாத்து நான் சந்தோசப்பட்டதே இல்ல" என்றார் அருள்செல்வி. "ஆனாலும் சுவரு வடியிற வரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்." அடிச்சரக்கைக் காட்டி விலை ஏறியது சுருளிவேலின் தொழிலில் அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்தது, நெஞ்சுக்கான சொட்டு மருந்தோடு. பட்டைகள் வாங்கினான். நான்கு வேளையும் உமாதேவியின் விரலை அவனே குத்தினான்; ஊசிக்கும் அவளைப் பழக்கினான். முருகம்மாள் அதிரசச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஊசி போடச் சொன்னதே தான்தான் என்று சொல்லத் தொடங்கினாள். கடையில் மட்டும் மேலடுக்கு தொடர்ந்தது. பழத்துக்கு இதயம் கிடையாது என்பது அவன் கட்சி.

மதுரையிலிருந்து ஓர் இதய மருத்துவர் மாதம் ஒருமுறை தேனிக்கு வந்து குழந்தைக்கு எக்கோ பார்த்தார். ஏழு மில்லி, ஆறு, ஐந்தரை. மார்ச் மாதப் படத்தை மட்டும் மதுரைக்கு எடுத்துப் போய் இன்னொருவரிடமும் காட்டிவிட்டு எழுதுவதாகச் சொன்னார். அன்றிலிருந்து தபால்காரர் தெருவுக்குள் நுழைந்தால் சுருளிவேல் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

கடிதத்தில் நான்கே வரி. சுவர் நாலரை மில்லி, இயல்பு. மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தலாம். இனி எக்கோவுக்கு அழைத்து வர வேண்டியதில்லை. அடுத்த பிள்ளைக்கு முன்பு தாயின் சர்க்கரைச் சராசரியை முதலில் பாருங்கள். அது ஓடைப்பட்டிக்கு வந்து சேர்ந்தது 2024 ஏப்ரல் 3, புதன்கிழமை.