கண்ணீர் வழியாத இடம்

மும்பை குர்லாவில் ஒரு தியேட்டரில் அம்மாவோடு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். விண்கலத்துக்குள் அழும் பெண்ணின் கண்ணீர் வழியாமல் கண்ணிலேயே உருண்டையாக ஒட்டி நின்றது. அறிவியல்படி அதுதான் சரி. பல வருடங்களுக்கு முந்தைய ஒரு மதியம் நினைவுக்கு வந்தது.

அப்போது எங்களுக்குத் தாராவியில் ஒற்றை அறை வீடு. நான் ஏழாவது படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அப்பா இறந்து மூன்று மாதமாகியும் அம்மா அழவில்லை. தோல் பட்டறைக்குப் போவாள், பசை நாறும் கையோடு வந்து சோறு பொங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் விண்வெளிப் படம். அங்கே தனியாக மாட்டிக்கொண்டவன் மனைவியை நினைத்து அழுதான். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அம்மாவும் அழத் தொடங்கினாள்.

"அது தப்பும்மா. அங்க எடை கிடையாது, கண்ணீர் கீழ வழியாது," என்றேன்.

கூட உட்கார்ந்து படம் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். "ஏளா, ஒம் மவ படம் எடுத்தவனுக்கே பாடம் நடத்துதாளே!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதன்பிறகு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"இதுல சரியாக் காட்டுதானாட்டி?" தியேட்டர் இருட்டில் அம்மா கேட்டாள்.

"சரிதாம்மா."

திரை வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். உலர்ந்தே இருந்தது.